ஆய்வில் என் அக்கா

என் அக்கா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். செம்பவாங்கிலிருந்து நகரத்துக்கு வரும் இரண்டடுக்கு பஸ். எங்கள் வீட்டில் குள்ளமானவள் அவள்தான். இருக்கையை உயர்த்தி, முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணையும் வைத்துக்கொண்டால்தான் அவளுக்குச் சாலை சரியாகத் தெரியும். அந்தப் பெரிய வண்டியை அவள் வளைவில் திருப்பும்போது சாலையோரம் நிற்பவர்கள் ஓட்டுவது யார் என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அது அவளுக்குப் பிடிக்கும். சீன மூதாட்டிகளிடம் ஹொக்கியனில் இரண்டு வார்த்தை பேசுவாள், மலாய்க்காரர்களிடம் மலாயில் நாலு வார்த்தை. கப்பல் பட்டறைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பையன்களிடம் மட்டும் அதட்டல். "உள்ள தள்ளி நில்லுங்க தம்பி, இன்னும் ஆள் ஏறணும் லா."

அத்தான் அந்தப் பட்டறையிலேயே ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். "வீட்லயும் அவதான் டிரைவர்" என்று மட்டும் எல்லாரிடமும் சொல்வார்.

அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. மகளைச் சுமந்திருந்தபோதுதான் முதலில் தெரியவந்தது. பிரசவத்துக்குப் பிறகு போனதுபோலப் போய், சில வருடங்களில் திரும்பி வந்து தங்கிவிட்டது. எங்கள் அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது அக்காதான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்து அந்தக் காலைக் கழுவியவள் அவள் என்பதால், தன் நோயை அவள் ஒருநாளும் அசட்டையாக விட்டதில்லை. மாத்திரை தவறாது. தீபாவளிப் பலகாரத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தான் ஒரு முறுக்கோடு நிறுத்திக்கொள்வாள். வேலை முடிந்து வந்ததும் காலணியைக்கூட மாற்றாமல் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி வேகவேகமாக நடப்பாள். அண்டை வீட்டார் அவளைப் பார்த்தால் லிஃப்டில் பேச்சை மாற்றுவார்கள், தங்கள் சுகர் எவ்வளவு என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து.

நான் ஒரு மருத்துவ ஆய்வில் வேலை பார்க்கிறேன். நீரிழிவு உள்ளவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, யாருக்குக் கண் போகிறது, யாருக்குச் சிறுநீரகம் கெடுகிறது, யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு எதுவுமே வராமல் இருக்கிறது, அதெல்லாம் எதனால் என்று கண்டுபிடிக்கப் பார்க்கும் ஆய்வு. நான் டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. தமிழ் பேசுகிறவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவது, வரவழைப்பது, கேள்விகளைத் தமிழில் கேட்பது, ரத்தம் எடுக்கும் அறைக்கும் கண்ணைப் படம் எடுக்கும் அறைக்கும் அழைத்துப் போவது, பசியோடு வந்தவர்களுக்கு மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. இந்த ஊரில் இந்தியர்களிடம்தான் அந்த நோய் அதிகம், ஆய்வுக்கு வரத் தயங்குகிறவர்களும் நம்மவர்கள்தான். அதிலும் நடுத்தர வயதுப் பெண்கள் வரவே மாட்டார்கள். பேரப்பிள்ளை இருக்கிறது, சமையல் இருக்கிறது, ரத்தம் கொடுத்தால் உடம்பு தாங்காது, இப்படி ஏதாவது ஒன்று சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"நான் வரேன். எனக்கும்தான் இனிப்பு நீர் இருக்கு" என்றாள்.

"நீ என் அக்கா. உன்னை நான் சேர்க்க முடியாது. ரூல்ஸ் இருக்கு."

"வேற யாராவது சேர்க்கட்டும். நான் ஒழுங்கா இருக்கிறவ. என்னை மாதிரி ஆளும் அதுல இருக்கணும் இல்ல? எல்லாரும் கெட்டுப்போனவங்களாவே இருந்தா நீங்க என்னத்தக் கண்டுபிடிப்பீங்க?"

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் மலாய்த் தோழி அவளைச் சேர்த்துக்கொண்டாள். அக்காவின் விவரங்களை நான் திறந்து பார்க்க முடியாதபடி கணினியில் பூட்டும் போட்டுவிட்டார்கள். அவள் வரும் நாட்களில் நான் வேறு அறையில் இருப்பேன். முடிந்ததும் இருவரும் ரயிலேறித் தேக்காவுக்குப் போய்ச் சாப்பிடுவோம். முதல் வருடமும் இரண்டாம் வருடமும் அவளுக்கு அது ஒரு சுற்றுலா போலத்தான் இருந்தது. காலில் நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டதைச் சொல்லிச் சிரித்தாள். "கண்ண மூடச் சொல்லிட்டுக் கிச்சுகிச்சு மூட்டுறாங்க, இதுக்கு ஒரு டாக்டர்."

அடுத்த முறை எடுத்த கண் படத்தில் ஏதோ இருந்தது. அன்று மாலையே எங்கள் ஆய்வு டாக்டர் அவளைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். முந்தைய படங்களில் லேசான மாற்றம்தான் இருந்தது, அதற்குள் விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிய ஆரம்பித்திருந்தன. உடனே லேசர் செய்ய வேண்டும் என்றார்கள். அவளுக்கு வலியும் இல்லை, மங்கலும் இல்லை. அன்று காலைகூட வண்டி ஓட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், ஆங்கிலத்தில். எப்போது மறுபடி பஸ் ஓட்டலாம்?

அந்த இளம் டாக்டர் நல்லவர். முதலில் பார்வையைக் காப்பாற்றுவோம், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். லேசர் பார்வையைக் காப்பாற்றியது. ஆனால் இரண்டு ஓரங்களிலும் பார்வை சுருங்கிவிட்டது. நேரே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாது. உரிமம் போயிற்று.

கம்பெனி அவளை விட்டுவிடவில்லை. பஸ் முனையத்தில் பயணிகளுக்கு வழி சொல்லும் வேலை கொடுத்தார்கள். மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, தன்னோடு வேலை பார்த்தவர்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நிற்பாள். ஒருநாள் நான் போனபோது, அவள் ஓட்டிய தடத்தின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஓட்டினான். வளைவில் பின்சக்கரம் நடைபாதையின் விளிம்பில் ஏறி இறங்கியது. அக்கா கழுத்தை முழுக்கத் திருப்பி, வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தாள். இப்போதெல்லாம் பக்கத்தில் பார்க்கக் கழுத்தைத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு சிறுநீரகம்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண், ஒவ்வொரு முறை ஆய்வுக்கு வரும்போதும் குறைந்துகொண்டே போனது. ஆய்வில் எனக்குப் பார்க்க அனுமதி இல்லை. அவளே சொல்வாள். பாலிகிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். புது மாத்திரைகள் வந்தன. உப்பைக் குறைத்தாள், பருப்பைக் குறைத்தாள். சுகர் அளவு எப்போதும் போல நன்றாகவே இருந்தது. சிறுநீரக டாக்டர் அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, அடுத்த தாளைப் பார்த்து முகம் மாறுவார் என்று சொல்வாள்.

தேக்காவில் நாங்கள் வழக்கமாக உட்காரும் கடையில் ஒரு மதியம். எனக்குத் தோசை வந்தது. அவளுக்கு எதுவும் வேண்டாம், தே ஓ கொசோங் மட்டும். பாலும் இல்லாத சீனியும் இல்லாத அந்தத் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீ தினமும் இதுலதானே இருக்க. எனக்கு ஒன்னு சொல்லு. சுகர் நல்லா இருந்தா கிட்னி கெடாதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?"

"கெடறதுக்கு வாய்ப்பு கம்மின்னு சொன்னாங்க அக்கா."

"கம்மின்னா?"

"நூறு பேர் உன்னை மாதிரி கட்டுப்பாடா இருந்தா, அதுல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி ஆகும்."

"அந்தக் கொஞ்சம் பேர்ல நான் எப்படி வந்தேன்?"

நான் பரம்பரை என்றேன், ரத்த அழுத்தம் என்றேன், பல வருடங்களுக்கு முன்னால் கொஞ்ச காலம் சுகர் கூடுதலாக இருந்திருந்தால்கூட அதன் தழும்பு உள்ளே தங்கிவிடும் என்று சொல்கிறார்கள் என்றேன். எல்லாமே நான் கூட்டங்களில் கேட்டவை. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப உங்களுக்கும் தெரியாது" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. ஒரு தடம் மாற்றிவிடப்பட்டிருப்பதைப் பயணியிடம் சொல்வது போலச் சொன்னாள். என் தோசை ஆறிப்போய்விட்டது.

சிறுநீரகம் கொடுக்கலாம் என்று முதலில் பேச்செடுத்தவர் அத்தான். அவருக்கு ரத்த அழுத்தம், இதயத்தில் ஒரு குழாய்க்குள் ஸ்டென்ட் வேறு வைத்திருந்தார்கள். முதல் சந்திப்பிலேயே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது நான். எனக்கு ஒரு நோயும் இல்லை. ஒல்லியாக இருப்பேன். அக்காவும் நானும் ஒரே ரத்தப் பிரிவு. பரிசோதனைகள் நடந்த அந்த மாதங்களில் எனக்கு ஏதோ ஒரு தெம்பு வந்திருந்தது. வருடக்கணக்காக நோயாளிகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அழைத்துப் போனவள், இப்போது என்னால் கொடுக்க முடிந்த ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் வெறும் வயிற்றில் வரச்சொல்லி, ஒரு பாட்டில் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கச் சொன்னார்கள். ஆரஞ்சு வாசனை, தொண்டையில் ஒட்டும் இனிப்பு. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"நீங்கள் கொடுக்க முடியாது" என்றார் அந்த மருத்துவர். "உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் நீரிழிவு என்று சொல்கிற அளவுக்கு வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு இருந்தது, அக்காவுக்கு இருக்கிறது. உங்களிடமிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்தால், பின்னால் உங்களுக்கே தேவைப்படும்."

என்னைப் போன்ற ஒருத்திக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போடுவது எப்படி என்பதை அவர் திரையில் காட்டினார். வயது, எடை, குடும்பம், இனம். எங்கள் ஆய்வைப் போன்ற ஆய்வுகளிலிருந்துதான் அந்தக் கணக்கு வருகிறது. நான் கேள்வி கேட்டு நிரப்பிய பதில்கள் மாதிரியான பதில்களிலிருந்து. அதோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டோபி காட் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். அங்கே இறங்கியவள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு தூணோரம் நின்றேன். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கையில் காப்பிக் குவளையோடு அலுவலகப் பெண்கள், எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கிருந்துதான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"இல்லன்னுட்டாங்களா?" என்றாள், நான் பேசுமுன்.

"ஆமா அக்கா. எனக்கும் வரப்போகுதாம்."

"சாப்டியா?" என்று கேட்டாள். "வெறும் வயித்தோட நிக்காத. போய் ஏதாச்சும் சாப்பிடு. சோறு கம்மியா போடச் சொல்லு."

அவளுடைய மகள் சுவா சூ காங்கில் கணவனோடு இருக்கிறாள். அவள் கொடுக்க முன்வந்தாள். பரிசோதனையும் செய்துகொண்டாள், எல்லாம் நன்றாக இருந்தது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்குவாதம் நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"மா, ப்ளீஸ் லா. டாக்டரே ஓகே சொல்லிட்டார். எனக்கு ஒன்னும் ஆகாது."

"இன்னைக்கு ஓகே. இருபது வருஷம் கழிச்சு யார் வந்து சொல்லுவா? எனக்கும் உன் வயசுல ஒன்னும் இல்ல. உன் சித்திக்கும் இல்ல."

"சித்தி, நீங்க சொல்லுங்க. யூ நோ தி டேட்டா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த எல்லாத் தகவலும் இரண்டு பக்கமும் பேசும். குடும்பத்தில் இருக்கிறதென்றால் மகளுக்கும் ஆபத்து அதிகம். ஆனால் எல்லா மகள்களுக்கும் வருவதில்லை. நான் எதைச் சொன்னாலும் ஒருத்தியை இழக்கும்படி ஆகிவிடும் என்று தோன்றியது. "அவளுக்கு விருப்பம் இருக்கு, உனக்குத் தேவை இருக்கு" என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மகள் அழுதுகொண்டே ரயிலேறினாள். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கான வரிசையில் அக்காவைச் சேர்த்தார்கள். அந்த வரிசை எவ்வளவு மெதுவாக நகரும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

டயாலிசிஸ் நிலையம் அவள் வீட்டுக்கு மூன்று புளோக் தள்ளி, ஒரு புளோக்கின் தரைத்தளத்துத் திறந்த கூடமான வாய்ட் டெக்கில் இருந்தது. வெளியே கல்மேசையில் ஆண்கள் சதுரங்கம் ஆடுவார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே வரிசையாக நாற்காலிகள், போர்வைகள், இயந்திரங்கள், யாரும் பார்க்காத தொலைக்காட்சி. வாரத்தில் மூன்று நாள், காலையிலிருந்து மதியம்வரை. இயந்திரத்தின் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

"எஞ்சின் ஐட்லிங்ல இருக்குற மாதிரி இல்ல?" என்றாள்.

அவள் சொன்ன கடைசி வேடிக்கை அதுவாகத்தான் இருக்கும். பிறகு களைப்பு வந்தது. மதியம் திரும்பி வந்தால் சாயங்காலம்வரை படுக்கை. குடிக்கும் தண்ணீருக்கு அளவு, அதனால் தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வாள். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். அத்தான் அதையெல்லாம் கற்றுக்கொண்டார். ருசியில்லாத அந்தக் காயைத் தானும் சாப்பிட்டார்.

தீபாவளிக்கு முன்னால், சிராங்கூன் ரோட்டில் விளக்கெல்லாம் போட்டிருந்த சமயம், போகலாம் என்று அவளே கூப்பிட்டாள். கூட்டத்தில் ஓரத்துப் பார்வை இல்லாமல் நடப்பது சிரமம். என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு பலகாரக் கடை வாசலில் நின்றாள்.

"ஒரு ஜாங்கிரி வாங்கு."

"அக்கா."

"வாங்குடி. இனிமே எதைக் காப்பாத்தப் போறோம்?"

வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் தாளில் மடித்துக் கொடுத்ததை அங்கேயே பிரித்து ஒரு வாய் கடித்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. மென்றாள். முகம் சுருங்கியது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்று, பிறகு விழுங்கினாள்.

"என்ன?"

"இரும்பு மாதிரி இருக்கு. எதைச் சாப்பிட்டாலும் இரும்பு வாசனைதான் வருது. இதுவாச்சும் வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

மீதியைத் திரும்ப மடித்து என் கையில் கொடுத்தாள். அந்த நோயில் நாக்கு அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கேள்விகளில் அதுவும் ஒன்று. உணவின் ருசி மாறியிருக்கிறதா, ஆம், இல்லை. நூற்றுக்கணக்கானவர்களிடம் அதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒருவர் வாயில் அதைப் பார்த்தேன். ரயிலில் போகும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

மறு வருடம் கையில் இருந்த இணைப்பில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அடைப்பை நீக்கிப் பார்த்தார்கள், மறுபடியும் அடைத்தது. தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். நிலையத்தில் தாதியர் எவ்வளவு சுத்தமாகக் கையாண்டாலும் கழுத்துக் குழாயில் கிருமி வரும் ஆபத்து எப்போதும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வந்தது. முதலில் குளிர், உடம்பு தூக்கிப் போடும் குளிர். பிறகு காய்ச்சல். கிருமி இதயத்தின் வால்வுக்குப் போய்விட்டது என்று வார்டில் சொன்னார்கள்.

அவளுக்கு நினைவு தெளிவாக இருந்த ஒரு பிற்பகல் நான் பக்கத்தில் இருந்தேன். அத்தான் சாப்பிடக் கீழே போயிருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"நான் எல்லாத்தையும் சரியாத்தானே செஞ்சேன்?"

"ஆமா அக்கா."

"எதையாச்சும் விட்டுட்டேனா? உனக்குத் தெரியும்ல. சொல்லு."

"எதையும் விடல."

"அம்மா எதையும் கேக்கல. ஆஸ்பத்திரிக்குப் போகல, வாயைக் கட்டல. அதனாலன்னு நெனச்சேன். அதனாலன்னு நெனச்சுத்தான் இவ்வளவும் செஞ்சேன்." மூச்சு வாங்கியது. "அம்மா போன வயசுகூட எனக்கு ஆகல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடைபட்ட கை அது. அதிர்வு எதுவும் இல்லை. அத்தான் திரும்பி வந்தார், அவளுக்குப் பிடிக்குமென்று வாங்கி வந்த கஞ்சியை மேசையில் வைத்தார். அவள் அதைத் திறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில், பகல் வெளிச்சம் ஜன்னலில் நன்றாக இருக்கும்போதே, இதயம் நின்றுவிட்டது. மகள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியங்களெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். சில வாரங்கள் கழித்து மலாய்த் தோழி என் மேசைக்கு வந்து நின்றாள். எங்கள் ஆய்வில் பங்கேற்பாளர் இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். அத்தானைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறாள், அவர் எடுக்கவில்லை. இரண்டாவது பெயராக அக்கா என்னைக் கொடுத்திருந்தாள்.

"வேறு யாரையாவது கேட்கச் சொல்லட்டுமா?" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அக்கா வரும்போதெல்லாம் அவளுக்குக் கறிபஃப் வாங்கி வருவாள்.

"வேண்டாம். நீயே கேள்."

தேநீர் போடும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இறந்த இடம், காரணம், டயாலிசிஸ் தொடங்கிய காலம். எல்லாம் எனக்கு மனப்பாடமான வரிசையில் வந்தது, அடுத்தது என்ன என்று அவள் கேட்குமுன்பே எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு கேள்வி. இறுதி மாதங்களில் அவருடைய உடல்நலம் எப்படி இருந்தது என்று சொல்வீர்கள், மிக நன்று, நன்று, சுமார், மோசம்.

இந்தக் கேள்வியை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நான் திரும்பப் படிப்பேன். அன்று தோழி திரும்பப் படிக்கவில்லை. காத்திருந்தாள்.

"மோசம்" என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு இருவரும் அங்கேயே நின்றோம், கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் தலைமை ஆய்வாளர் முடிவுகளைத் திரையில் காட்டினார். இரண்டு கோடுகள், இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு நிகழ்வு, அதாவது ஒரு மரணம், என்றார். கட்டுப்பாட்டோடு இருந்தவர்களின் கோடு மெதுவாக இறங்குகிறது, மற்றவர்களுடையது வேகமாக இறங்குகிறது, ஆகவே நம் மக்களுக்கு நாம் சொல்லிவருவது சரிதான் என்றார். அவர் சொன்னது உண்மை. அதில் எந்தத் தவறும் இல்லை. மெதுவாக இறங்கிய கோட்டில் எந்தப் படி என் அக்கா என்று நான் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் படியும் ஒரே உயரம். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? இப்போதும் காலையில் பெண்களைக் கூப்பிடுகிறேன். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா அக்கா, வாக்கிங் போறீங்களா" என்று கேட்கிறேன். போகிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம், "ரொம்ப நல்லது" என்கிறேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தபின் சற்று நேரம் அடுத்த எண்ணை அழுத்த முடிவதில்லை. எனக்கும் காலை மாலை மாத்திரை வந்துவிட்டது. போடுகிறேன். நடக்கவும் செய்கிறேன், அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பவாங்குக்குப் போகிறேன். அத்தான் தனியாக இருக்கிறார். மகள் தன்னோடு வந்துவிடும்படி அழைத்துப் பார்த்துவிட்டாள், அவர் அசையவில்லை. போன மாதம் மேசைமேல் அவருடைய மாத்திரை அட்டைகள் அப்படியே இருந்தன. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. எதையும் பிரித்திருக்கவில்லை. பாலிகிளினிக்குக்கும் போகவில்லையாம்.

"அத்தான், இதெல்லாம் விடக் கூடாது. ஸ்டென்ட் வச்ச உடம்பு."

"ம்."

"என்ன ம்? எதுக்கு நிறுத்துனீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"அவ ஒரு நாள் விடல. என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நூறு பேர், வாய்ப்பு, கோடு, படி. அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கி, ஒரு குவளைத் தண்ணீரோடு அவர் முன்னால் வைத்தேன். அவர் மாத்திரைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் போடுறேன். நீ கெளம்பு, மழை வரப்போகுது."

குவளையில் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.